வஞ்சிரம் துண்டு மேலே கருகுது, உள்ளே சக்கையாகுது: எங்கே தப்பு?

#1 புதுக்கல்
ஸ்டேக் மாதிரி ஆளுக்கு ஒரு கனத்த துண்டு, மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். அதுதான் வேணும். செய்தது இது: 1 கிலோ வஞ்சிரம், கடையில் அரை இஞ்ச் கனத்தில் வெட்டிக் கொடுத்தது. மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, சின்ன வெங்காயம் அரைச்ச விழுது, ஒரு முழு எலுமிச்சை, உப்பு. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறல். இரும்புத் தோசைக்கல், நடுத்தரத் தீ, பக்கத்துக்கு 6 நிமிஷம். மசாலா பாதி கல்லோட போச்சு, மீதி கருகிடுச்சு. உள்ளே மரத்தூள். எதை மாத்தணும்?

#2 பாம்பன்கரை
மசாலாவைத் திட்டாதீங்க தம்பி. தப்பு வெட்டுலயே ஆரம்பிச்சிருச்சு. அரை இஞ்ச் துண்டு குழம்புக்கு. அதைக் கல்லுல போட்டா மேல சிவக்கிறதுக்குள்ள நடுவும் வெந்து, அதையும் தாண்டிக் காஞ்சிரும். 2 செ.மீ.யில இருந்து 2.5 செ.மீ. வரைக்கும் வெட்டச் சொல்லுங்க. வாயால சொன்னா மீன் வெட்டுறவருக்குக் கை பழக்கத்துல மெலிசாத்தான் வரும். மீன் மேல கட்டைவிரலைப் படுக்க வச்சு, இந்த அகலம்னு காட்டுங்க.

மீன் 3 கிலோவுல இருந்து 5 கிலோ வரைக்கும் இருக்கட்டும். 2 கிலோவுக்குக் கீழ துண்டு உள்ளங்கைக்கே பத்தாது. ரொம்பப் பெருசுல சதை நார்நாராப் பிரியும். வயித்துப் பக்கத்துத் துண்டு லாடம் மாதிரி இருக்கும், கொழுப்பு அங்கதான், முதல்ல அதைக் கேளுங்க. குடல் முடியிற இடத்துக்குப் பின்னால வட்டத் துண்டு. பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா கொழுப்பு கம்மி, சீக்கிரம் காயும். வால் துண்டைக் கல்லுல போடவே வேணாம், தலையோட சேத்துக் குழம்புக்குப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நடுமுள் ஓரத்துல கறுப்பா உறைஞ்ச ரத்தக் கோடு இருக்கும். கரண்டிக் காம்பால சுரண்டி எடுங்க. வயித்துச் சுவருல ஒட்டியிருக்கிற கறுப்புச் சவ்வையும் சேத்து எடுங்க. கவுச்சி அடிக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டாலதான், மீனால இல்ல. முழு மீனா இருக்கும்போதே கழுவிருங்க. வெட்டின துண்டைக் குழாய்த் தண்ணியில நாலு தடவை அலசினா ருசியும் அதோட போயிரும்.

#3 நீலத்துணி
ஒரு இடைச்செருகல். "சீலா" என்று கேட்டு வாங்கினால் கவனம். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம், குமரிப் பக்கம் ஷீலா என்றால் ஊளி. நம் கரையில் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். வஞ்சிரத்துக்கு முதுகிலும் அடியிலும் வால் பக்கமாகக் குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். ஊளிக்கு அவை கிடையாது, முதுகுத் துடுப்பு இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கும். தாடையும் நீட்டிக்கொண்டிருக்கும். வஞ்சிரத்திலேயே விலாவில் குறுக்குப் பட்டைகள் உள்ளது பெரிதாக வளரும் இனம், நமக்கு அதுதான். புள்ளிகள் உள்ளது சிறிய இனம், இந்த வேலைக்குச் சரிவராது.

#4 தராசு
வெட்டு பற்றிப் பாம்பன்கரை சொன்னது முழுக்கச் சரி. அடுத்த தப்பு உப்பும் எலுமிச்சையும் ஒன்றாகப் போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்தது.

புளிப்பு மீன் சதையை நெருப்பில்லாமலே இறுக்கிவிடும். ஒரு மணி நேரத்தில் ஓரம் வெளிறி, சுண்ணாம்பு போல் ஆகும். அப்புறம் கல்லில் போடுவது இரண்டாம் முறை வேகவைப்பதுதான். 1 கிலோவுக்கு அரை மூடி எலுமிச்சை, அதுவும் அடுப்புக்குப் போகும் முன் 10 நிமிஷம். இன்னும் நல்லது, பொரித்து இறக்கிய பிறகு பிழிவது.

உப்பு தனியாக, முதலில். 1 கிலோவுக்கு 12 கிராம், அதாவது தூள் உப்பு தலை தட்டி 2 டீஸ்பூன். கல் உப்பு என்றால் பொடித்து அளக்கவும், கல்லாக அளந்தால் ஸ்பூனுக்குள் பாதி காற்று. இரண்டு பக்கமும் தடவி 20 நிமிஷம் ஃப்ரிட்ஜில், சாய்வான தட்டில். அடியில் நீர் கோத்திருக்கும். அதைக் கொட்டி, துண்டை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பேருக்கு ஒற்றினால் போதாது. துணி ஈரமாகாத வரை ஒற்ற வேண்டும்.

காரணம் எளிது. கல்லில் விழுந்த துண்டின் மேல் தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்கும் வேலை சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக நடக்கும். ஈரத் துண்டு முதல் 3 நிமிஷம் வெறுமனே ஆவியில் வேகிறது. நீங்கள் சிவப்பு வரக் காத்திருக்கிறீர்கள், உள்ளே அதற்குள் காய்ந்துவிடுகிறது.

#5 புதுக்கல்
ஒரு ராத்திரி ஊறினாத்தானே மசாலா உள்ளே இறங்கும்?

#6 தராசு
இறங்காது. உப்பு இறங்கும், புளிப்பு கொஞ்சம் இறங்கும். மிளகாய், மிளகு, சோம்பு எல்லாம் ஒரு நாள் வைத்தாலும் மேல்தோலைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போனால் பெரிது. ஊறவைத்த பச்சைத் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், சிவப்பு எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மசாலா என்பது மேல் பூச்சு. பூச்சாகவே அதை நடத்துங்கள்.

#7 கீழக்கரை லாத்தா
பூச்சுன்னு சொன்னதும் பூசி மெழுகிறாதீங்க வாப்பா. மசாலாவுக்குக் கீழ மீன் நிறம் லேசாத் தெரியணும். நீங்க போட்ட கனத்துக்கு மசாலாவே தனியா ஒரு அடை.

1 கிலோவுக்கு என் கணக்கு: முண்டு மிளகாய்த்தூள் 1 டேபிள்ஸ்பூன், மஞ்சள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், பூண்டு விழுது 1 டீஸ்பூன், இஞ்சி அதுல பாதி, பச்சரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். தண்ணி சொட்டுக்கூட வேணாம், எண்ணெயிலேயே குழைங்க. உப்பு மறுபடியும் போடாதீங்க, ஏற்கெனவே போட்டாச்சு. தடவி 15 நிமிஷம் போதும்.

மிளகாய் நம்ம ஊரு முண்டுதான். ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. அதுக்காகச் சொல்லல. உருண்டை மிளகாய், தோல் தடிப்பு, நல்ல கருஞ்சிவப்பு. காரம், நிறம் ரெண்டும் ஒண்ணுலயே கிடைக்கும். வறுக்காம வெயில்ல ஒரு நாள் காயவச்சு அரைச்ச தூளா இருக்கட்டும். வறுத்து அரைச்சது பாதி கருகின சரக்கு, கல்லுல மீதியும் கருகிரும்.

சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் போடுங்க. குழம்புல அது ராசா, கல்லுல எதிரி. அதுல இருக்கிற இனிப்புதான் முதல்ல கருகுது, ஈரம் வேற. உங்க கல்லுல ஒட்டுனது பெரும்பாலும் அதுதான்.

#8 தொண்டிக்காரன்
லாத்தா, வெங்காயம் இல்லாம மசாலா மசாலாவா? இங்க கடைத்தெருவுல எல்லாக் கடையிலயும் அரைச்சுத்தான் போடுறாங்க, ஒட்டவே மாட்டேங்குதே.

#9 கீழக்கரை லாத்தா
கடையில மூழ்குற எண்ணெயில பொரிக்கிறாங்க தம்பி. ஒட்டுறதுக்கு அங்க அடியே கிடையாது. இவர் கேக்குறது கல்லுல ரெண்டு ஸ்பூன் எண்ணெயில. வெங்காய ருசி வேணும்னா மீனை எடுத்த பிறகு அதே எண்ணெயில நறுக்கின வெங்காயம், கருவேப்பிலை வதக்கி மேல போடுங்க. மாவும் அரிசி மாவுதான், மைதா வேணாம். மைதா ஈரத்தை இழுத்துப் பசையாயிரும்.

#10 பாம்பன்கரை
கல்லுக்கு வருவோம். இரும்புக்கல் நல்ல தேர்வுதான், தடிமனா இருக்கிற வரைக்கும். மெலிசுக் கல்லுல குளிர்ந்த துண்டு விழுந்ததும் சூடு செத்துப்போகும். மீனை 10 நிமிஷம் முன்னாடி ஃப்ரிட்ஜுக்கு வெளிய எடுத்து வைங்க, அதுக்கு மேல வேணாம், நம்ம ஊரு வெக்கைக்கு அது போதும்.

கல்லை எண்ணெய் இல்லாம 4, 5 நிமிஷம் காயவிடுங்க. தண்ணியைத் தெளிச்சா சுர்ருன்னு அங்கயே வத்தினா பத்தாது. முத்தா உருண்டு ஓடணும். அப்ப எண்ணெய் ஊத்தி, சாய்ச்சுப் பரப்பி, எண்ணெய் மேல அலை அலையா மினுமினுப்பு ஓடும்போது மீன். புகை கிளம்பிருச்சுன்னா தாண்டிட்டீங்க, அடுப்பைக் குறைச்சு அரை நிமிஷம் பொறுங்க. செக்கு எண்ணெய் எதுவா இருந்தாலும் சுத்திகரிச்சதை விடச் சீக்கிரம் புகையும். இதுக்கு மட்டும் சுத்திகரிச்ச கடலை எண்ணெய் தோது. செக்கு நல்லெண்ணெயை மசாலா குழைக்க வச்சுக்கங்க, வாசம் வந்துரும்.

10 இஞ்ச் கல்லுல 3 துண்டு. நாலாவது துண்டு மூணையும் கெடுக்கும்.

போட்டதும் கரண்டியைக் கீழ வச்சிருங்க. ஒட்டுதேன்னு நோண்டுறதாலதான் மசாலா பிய்யுது. பச்சைச் சதை இரும்பைப் பிடிச்சுக்கும், மேல் பொறுக்கு கட்டினதும் தானா விட்டுரும். 3 நிமிஷம் ஆனதும் ஓரத்தை லேசா நெம்புங்க. அசையலன்னா இன்னும் நேரம் ஆகல, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை திருப்பு.

லாடத் துண்டு சூட்டுல குவிஞ்சு நடுவு தூக்கிக்கும். தோல் சுருங்குறதுதான் காரணம். போடுறதுக்கு முன்னாடி தோலுல ரெண்டு இடத்துல கத்தி நுனியால வெட்டு விடுங்க, தட்டையாப் படுத்துக்கும்.

#11 புதுக்கல்
திருப்பறது எப்போன்னு நேரத்தை வச்சுச் சொல்ல முடியுமா?

#12 தராசு
2 செ.மீ. துண்டுக்கு முதல் பக்கம் மூன்றரை நிமிஷம், அடுத்த பக்கம் இரண்டு. ஆனால் அடுப்புக்கு அடுப்பு மாறும், கண்ணை நம்புவது மேல். லாடத் துண்டின் உட்பக்கச் சுவரில் மசாலா பூசாமல் விடுங்கள். அங்கே கண்ணாடி போல் இருக்கும் சதை அடியிலிருந்து வெள்ளையாக மாறிக்கொண்டே மேலேறும், கோடு போட்ட மாதிரித் தெரியும். அந்தக் கோடு பாதியைத் தாண்டி மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் திருப்புங்கள்.

வட்டத் துண்டில் இது தெரியாது. அதற்கு மெல்லிய கோணி ஊசி. நடுமுள்ளை ஒட்டிக் குத்தி 5 விநாடி வைத்து, எடுத்துக் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். சில்லென்றால் வேகவில்லை. வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடு சுரீரென்று தெரிந்தால் ஆயிற்று, கை வைக்க முடியாத சூடு என்றால் தாண்டிவிட்டது. ஊசி போகும்போது சதையில் தடங்கல் இருந்தாலும் இன்னும் வேக வேண்டும்.

சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 60 டிகிரியில் இறக்குங்கள். தட்டில் 2 நிமிஷம் இருக்கும்போது இன்னும் மூன்று நான்கு ஏறும். பாதுகாப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 63. 70ஐத் தாண்டினால் மீன் சதை நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். துண்டின் மேல் வெள்ளைத் தயிர்க்கட்டி மாதிரி கசிகிறதே, அது அந்தச் சாறுதான். உப்பு முன்கூட்டிப் போட்டால் அந்தக் கசிவும் குறையும்.

நீங்கள் செய்தது அரை இஞ்ச் துண்டு, மொத்தம் 12 நிமிஷம். எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றியிருக்காது.

#13 நீலத்துணி
இறக்கியதும் மூடி வைக்காதீர்கள். ஆவி அடித்து மொறுமொறுப்பு நமுத்துவிடும். தாளின் மேலும் வேண்டாம், அடிப்பக்கம் வியர்க்கும். கம்பித் தட்டு இருந்தால் அது, இல்லாவிட்டால் இரண்டு கரண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவற்றின் மேல்.

#14 உச்சிவெயில்
வஞ்சிரம் விலைக்குக் கட்டுப்படியாகல. சூரையில இதே மாதிரி செய்யலாமா? அப்புறம் இதே முறையில மாட்டுக்கறி கனத்த துண்டு வருமா?

#15 பாம்பன்கரை
சூரை வரும், ஆனா கறாரா இருக்கணும். நடுவுல இருக்கிற கருஞ்சதையை முழுக்க எடுத்துருங்க, கசப்பும் கவுச்சியும் அதுலதான். கொழுப்பு கம்மி, வஞ்சிரத்தை விட வேகமாக் காயும். 3 செ.மீ. கனம் வெட்டுங்க, உப்புத் தண்ணியில (1 லிட்டருக்கு 50 கிராம்) 20 நிமிஷம் போட்டு எடுத்து ஒத்திருங்க. படத்துல காட்டுற மாதிரி நடுவு சிவப்பா விட்டுச் சாப்பிடுறது கரையில இறங்குற சாதா சூரைக்கு வேணாம். அதுக்கு மீன் பிடிச்ச நிமிஷத்துல இருந்து வேற பக்குவம்.

காசுக்கு ஏத்தது வேணும்னா கலவா. சதை தடிப்பு, ஈரம் நிக்கும், அரை நிமிஷம் கூடிப்போனாலும் மன்னிச்சிரும். பெரிய பாறை மீனும் பரவாயில்ல.

#16 கீழக்கரை லாத்தா
மாட்டுக்கறிக்கு "அண்டர்கட்"னு கேளுங்க. முதுகெலும்புக்கு அடியில இருக்கிற அந்த நீளத் துண்டு மட்டும்தான் கல்லுல நேரா மெதுவா வரும். தொடைக்கறியைக் கனமா வெட்டி எத்தனை நிமிஷம் போட்டாலும் செருப்புத்தான், அது பிரஷர் குக்கருக்குப் பொறந்தது.

இங்க காலையில அறுத்த கறியை மதியமே சமைக்கிறோம். அறுத்த அன்னைக்குக் கறி விறைச்சு நிக்கும், அதான் இறுகுது. வாங்கிட்டு வந்து ஈரம் ஒத்தி, தட்டுல திறந்தபடி ஃப்ரிட்ஜுல ரெண்டு நாள் வைங்க. பப்பாளிக்காய் விழுது தடவுறதா இருந்தா அரைக்கிலோவுக்கு 1 டீஸ்பூன், அரைமணி நேரம், அதுக்கு மேல போனா மேல்பக்கம் கூழாயிரும்.

3 செ.மீ. கனம், உப்பு ஒரு மணி நேரம் முன்னாடி, கல்லு மீனுக்கு வச்சதை விடச் சூடா. பக்கத்துக்கு மூணுல இருந்து நாலு நிமிஷம், மிளகு கடைசியில. நடு லேசா சிவப்பா வேணும்னா வெப்பமானியில 57 வரும்போது எடுங்க. 6 நிமிஷம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்க. ஆறவிடாம வெட்டினா சாறு எல்லாம் தட்டுல நிக்கும்.

#17 குளிர்பெட்டி
யாரும் தொடாத ஒன்று. வஞ்சிரம், சூரை, அயிலை மூன்றும் ஒரே குடும்பம். வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை மாதிரித் தொல்லை தரும் பொருளை உண்டாக்கும். அது உருவாகிவிட்டால் கல்லில் பொரித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, உடம்பில் தடிப்பு. பலர் இதை "மீன் ஒத்துக்கவில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாயில் வைத்ததும் காரமில்லாத இடத்தில் மிளகு மாதிரி நாக்கு சுணைத்தால் துப்பிவிடுங்கள். மணத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

அதனால் வாங்கும்போது செவுள் சிவப்பை மட்டும் பார்க்காமல் ஐஸைப் பாருங்கள். மீனுக்குச் சம எடை ஐஸ் இருக்க வேண்டும், மேலே நாலு கட்டி போட்டிருப்பது அலங்காரம். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. ஒரு மணி நேரப் பயணம் என்றால் வீட்டிலிருந்தே ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகில் வரும் மீன் குறைவு. அப்போது சந்தையில் கனத்த வஞ்சிரம் தாராளமாகக் கிடந்தால் அது வெளியூர் ஐஸ் மீனாகவோ ஃப்ரீசர் மீனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ரீசர் மீன் தப்பில்லை. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து உருகவிடுங்கள். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் சாறு எல்லாம் பாத்திரத்தில். உருகிய துண்டுக்கு உப்பு 10 கிராம் போதும், ஒற்றும் வேலை இரண்டு மடங்கு.

#18 கரிமூட்டம்
கல்லை விட்டுட்டுக் கரியில போடுறவங்களுக்கு. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல சீமைக்கருவேலக் கரிக்குப் பஞ்சமில்ல. சூடு அதிகம், ரொம்ப நேரம் நிக்கும். மேல வெள்ளைச் சாம்பல் போர்த்துற வரைக்கும் மீனை வைக்காதீங்க, கறுப்புக் கரியில புகை நெடி ஏறும். நனைஞ்ச கரி வெடிச்சு மீன் மேல தெறிக்கும். கரியை ஒரு பக்கமா ஒதுக்குங்க. தணல் மேல பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம், அப்புறம் தணல் இல்லாத பக்கம் தள்ளி மூடி போட்டு 3 நிமிஷம். எண்ணெயைக் கம்பிக்குத் தடவாதீங்க, எரிஞ்சு போகும், மீனுக்குத் தடவுங்க. அரிசி மாவு இதுக்கு வேணாம், பச்சை மாவு வாடை நிக்கும்.

#19 தொண்டிக்காரன்
வாழையிலையில சுத்தி வச்சா?

#20 கரிமூட்டம்
நல்லா இருக்கும், ஆனா அது அவியல் பக்குவம். மேல பொறுக்கு வராது. நீங்க கேக்குற மொறுமொறுப்பு வேணும்னா இலை வேணாம்.

#21 புதுக்கல்
2 செ.மீ. லாடத் துண்டு, உப்பு தனியா, ஒத்தி எடுத்து, லாத்தா அளவு மசாலா. மூன்றரை, இரண்டு. மசாலா முழுசா மீனோட வந்துச்சு, சதை மடல் மடலாப் பிரியுது, ஈரம் இருக்கு. ரெண்டு சந்தேகம். நடுமுள் ஒட்டி லேசா இளஞ்சிவப்பு, ஊசி சூடாத்தான் இருந்துச்சு. அப்புறம் கல்லு: மறுநாள் தோசையில மீன் வாடை.

#22 தராசு
சதை முள்ளை விட்டுத் தானாகப் பிரிந்ததா? பிரிந்தால் வெந்துவிட்டது, அந்த நிறம் முள்ளுக்குள் இருக்கும் ரத்தம். முள்ளோடு ஒட்டி, கண்ணாடி போல் இருந்தால் வேகவில்லை. அப்படியானால் அடுப்பை அணைத்த கல்லிலேயே இன்னும் ஒரு நிமிஷம் விடுங்கள்.

#23 பாம்பன்கரை
சோப்பும் புளியும் போட்டுத் தேய்க்காதீங்க. புளி இரும்புல பழகின எண்ணெய்ப் பூச்சையும் சேத்து எடுத்துரும், அடுத்த தோசை ஒட்டும். கல்லு சூடா இருக்கும்போதே எண்ணெயைத் துடைச்சு, ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டு, தேங்காய் நாரை நல்லா உருட்டி இடுக்கியில பிடிச்சுத் தேய்ங்க. உப்பு பழுப்பாகும். கொட்டிட்டு வெந்நீர் ஊத்தி ஒரு கொதி விட்டு, துடைச்சு, மறுபடி காயவச்சு, பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டு ரெண்டு சுத்துத் தேய்ங்க. அப்பவும் வாடை நின்னா முதல் தோசையை மெலிசா ஊத்தி, தின்னாம எடுத்துருங்க. ரெண்டாவதுல இருந்து தெரியாது. தோதுப்பட்டா மீனுக்கு ஒரு கல்லு, தோசைக்கு ஒரு கல்லு வச்சுக்கங்க.